டர்போ வண்டியும் என் கைச் சாம்பலும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே ஆறு வருடம் ஓடிவிட்டது. மூன்று முறை நோட்டை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, அதோடு மூடி வைத்தேன். நான் எட்டாவது வரை படித்தவன். கடிதம் எழுதினாலே கடைசி வரி காகிதத்தின் ஓரத்தில் ஏறிவிடும். அதுகூடப் பரவாயில்லை. இந்தக் கதையில் நான் சொன்ன ஒரு பொய் வருகிறது. நெற்றியில் மூன்று பட்டை போட்டுக்கொண்டு, வாய் கூசாமல் சொன்ன பொய். அதை எழுதப் போனால் அந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிடும்.

போன மாதம் ஒருவர் நெல் அறுக்கும் மிஷினை ஓட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டார். எங்கள் தெருவில் எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தாலே ஒன்று பின்னால் போக வேண்டும். அந்த மிஷின் இரண்டு பக்கத்துத் திண்ணையையும் உரசாமல் எப்படி வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அவர் கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைக் கும்பிட்டார்.

"சாமி, கூரத்துல இருந்து வர்றேன். உங்க கையால கொஞ்சம் துன்னூறு எடுத்து இஞ்சின்ல போட்டு உடுங்க. புகையா தள்ளிக்கினு இருக்குது."

"நான் சாமி இல்லபா. பாவு பிணைக்கிறவன்" என்றேன்.

"தெரியும் சாமி. அதான் வந்தேன்."

உள்ளேயிருந்து என் மனைவி, "இந்த வாட்டி இன்னா வண்டிங்க?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுவது என்று.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இந்தக் கதை புரியாது. தறியில் நீளவாட்டில் ஓடுகிற இழைகள்தான் பாவு. ஒரு பாவு முடிந்துபோனால் புதுப் பாவை ஏற்றுவார்கள். பழைய பாவின் ஒவ்வொரு இழை முனையையும் புதுப் பாவின் இழையோடு சேர்த்து விரலால் முறுக்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது, முறுக்கு மட்டும்தான். ஒரு சேலைப் பாவில் ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். பட்டு வழுக்கும் என்பதால் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்குவோம். மெல்லிய துணியில் சலித்த சாம்பல், ஒரு கொட்டாங்கச்சியில் பக்கத்திலேயே இருக்கும். வீடு வீடாகப் போய் இந்த வேலையைத்தான் செய்கிறேன். அதனால் என் வலது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எப்போதும் சாம்பல் நிறம். எத்தனை சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் இருப்பது போகாது.

இந்தச் சாம்பல் வேலைக்கு. நெற்றியில் இடுவது ஏகாம்பரநாதர் சன்னிதித் திருநீறு, அது பூஜை அலமாரியில் இருக்கிறது. இரண்டையும் நான் ஒருநாளும் கலந்ததில்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

என் மனைவிக்கு ஒரே தம்பி. வாலாஜாபாத் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு கார் ஷெட் வைத்திருக்கிறான். தறிக் குடும்பத்தில் பிறந்தும் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இஞ்சின்தான். நல்ல பிள்ளை, எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. ஆனால் முப்பத்திரண்டு வயதாகியும் பெண் அமையவில்லை. வந்தவர்கள் எல்லாம் அவன் நகத்தைப் பார்ப்பார்கள், காப்பியைக் குடிப்பார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். என் மனைவி நாற்பத்தெட்டு வெள்ளிக்கிழமை காமாட்சியம்மனுக்கு விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டு, அந்தக் கணக்கு முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தாள்.

அப்போதுதான் வாலாஜாபாத்திலிருந்து ஒரு மில்காரர் வந்தார். அவர்களும் நெசவுக் குடும்பம்தான். இவர் தலைமுறையில் அரிசி மில்லுக்குப் போய்விட்டார். ஒரே மகள். ஏனாத்தூரில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறாள், வீட்டுக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் வருகிறாள். அந்தக் காரில்தான் சங்கதி. பழைய பெட்ரோல் வண்டி, அதில் பிறகு யாரோ ஒரு டர்போவை மாட்டிக் கொடுத்திருந்தார்கள். காலை அழுத்தினால் ஒரு பாய்ச்சல் பாயும், அப்புறம் உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி தட்டும். மூன்று மெக்கானிக் பார்த்துக் கைவிட்ட வண்டி.

மில்காரர் ஷெட்டில் வைத்து, என்னை ஒரு பெரியவனாக நினைத்து, என் எதிரிலேயே மச்சானிடம் சொன்னார்.

"தம்பி, உன் ஜாதகத்த உங்க அக்கா குடுத்துட்டாங்க. பொருந்துதுன்னும் சொல்றாங்க. ஆனா நான் ஜாதகத்த அப்புறம்தான் பாப்பேன். இந்த வண்டியதான் எங்க பாப்பா தினம் ஓட்டுது. உன்ன நம்பி வண்டிய குடுக்க முடிஞ்சாதான், உன்ன நம்பி பொண்ண குடுக்க முடியும். இன்னா சொல்றே?"

"ஞாயித்துக்கெழம வாங்க. ரெடியா இருக்கும்" என்றான் மச்சான்.

அவர் போனபின், "தட்டுதுன்னாரே, உனக்குத் தெரியுமா அது இன்னான்னு?" என்று கேட்டேன்.

"தெரியும் மாமா. காத்துக்கும் பெட்ரோலுக்கும் கணக்கு ஒதைக்குது."

அவன் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இஞ்சினுக்குள் பெட்ரோல் மட்டும் போனால் எரியாது, காற்றும் போக வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலு புள்ளி ஏழு பங்கு காற்று. டர்போ என்பது இஞ்சின் விடுகிற புகையின் வேகத்திலேயே சுற்றுகிற ஒரு காற்றாடி. அது வெளிக்காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும். அப்படித் திணிக்கும்போது பெட்ரோலும் தாராளமாகப் போக வேண்டும். எண் பன்னிரண்டுக்குக் கீழே நிற்க வேண்டும். பதிமூன்றைத் தாண்டினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்.

"காத்து கூடுனா நல்லதுதானே?" என்றேன்.

"மாமா, அடுப்புல பொங்கப் பானை கீது. வெறகு போடாம நீ ஊதிக்கினே இருந்தா இன்னா ஆவும்?"

"அணைஞ்சிடும்."

"இங்க அணையாது. பானை உருகிடும்."

பிஸ்டன் என்கிற சாமான் அப்படி உருகுமாம். அதைக் கேட்டபிறகு எனக்கு இந்த எண்ணைக் காட்டுகிற மீட்டர்மேல் ஒரு பயபக்தி வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்ன வட்டமாக ஒரு மீட்டரை மாட்டியிருந்தான். சிவப்பு எண் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டும், அதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும்.

"இழை எண்ணிப் பழகுன கண்ணு உன்னுது. நீயே வா மாமா" என்றான்.

ஏனாத்தூர்ப் பக்கம் மனை போட்டு இன்னும் யாரும் வீடு கட்டாத ஒரு லேஅவுட் இருக்கிறது. வாசலில் பெரிய ஆர்ச், உள்ளே நேர்க்கோடாகத் தார் ரோடு, இரண்டு பக்கமும் மஞ்சள் கல். ஆடுகளைத் தவிர யாரும் வருவதில்லை. காவல்காரரிடம் சொல்லிவிட்டு அங்கே மூன்று சாயங்காலம் போனோம். அவன் அழுத்துவான், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும், நான் ஒரு கையால் மேலே பிடியைப் பிடித்துக்கொண்டு, "பதினாலு, பதிமூணு, பன்னெண்டு அரை, பன்னெண்டு அரை" என்று பாவு எண்ணுகிற ராகத்தில் சொல்லிக்கொண்டு போவேன். நடுவில் பயம் வந்தால் "சிவசிவா" என்பேன்.

"மாமா, நடுவுல சாமிய கூப்டாத. நம்பர் உட்டுப்போவுது."

"நம்பர் கூடினா கூப்பிடாம இன்னா பண்றது?"

வண்டியை நிறுத்தி மடியில் லேப்டாப்பை வைத்து, கட்டம் கட்டமாக இருக்கும் ஒரு பட்டியலில் எண்களை மாற்றுவான். இந்தக் கட்டத்தில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டு, அந்தக் கட்டத்தில் கொஞ்சம் குறை. எனக்கு அது சேலை டிசைனுக்குக் கட்டம் போடுகிற காகிதம் மாதிரியே தெரிந்தது. மூன்றாம் நாள், சனிக்கிழமை, கால் முழுக்க அழுத்தியும் எண் பதினொன்று எட்டில் ஆணி அடித்தது போல் நின்றது. தட்டல் இல்லை. மச்சான் ரோட்டோரம் நிறுத்தி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒரு ஆடு எங்களைப் பார்த்தது.

அதோடு விட்டிருந்தால் நான் இந்த நோட்டை வாங்கியிருக்கவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில் அவசரமாகப் பாவு பிணைக்கக் கூப்பிட்டார்கள். பாதி வேலையில், மச்சான் எல்லாம் சரியாக வைத்திருக்கிறானா என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று அப்படியே சைக்கிளில் ஷெட்டுக்குப் போனேன். கை கழுவவில்லை.

அவன் வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். பானெட் திறந்திருந்தது. காற்று உள்ளே போகிற குழாயிலிருந்து ஒரு சின்ன சாமானைக் கழற்றி, ஸ்பிரே அடித்து, வெள்ளைத் துணியில் காய வைத்திருந்தான்.

"இது இன்னா?"

"சென்சாரு. எவ்ளோ காத்து போவுதுன்னு இதான் கம்ப்யூட்டருக்கு சொல்லும். இது சொல்ற கணக்குக்குத்தான் அது பெட்ரோல் உடும். அது மேல மட்டும் கை வெச்சிடாத மாமா" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு இளநீர் வாங்கி வைக்கப் போனான்.

நான் குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு கம்பி. கம்பி என்று சொல்வதே தப்பு, இழை. நம் பட்டு இழையைவிட மெல்லியது. வெளிச்சத்தில் அது லேசாகத் தொய்ந்திருப்பது போல எனக்குப் பட்டது. தொய்ந்த இழையைக் கண்டால் என் விரல் சும்மா இருக்காது. முப்பது வருடப் பழக்கம். கை வைக்காதே என்று அவன் சொன்னது காதில் இருந்தது. ஆனால் அது மற்றவர்கள் கைக்குச் சொன்னது என்று நினைத்துவிட்டேன். பட்டில் பழகின கை ஆயிற்றே, இதுக்கு என்ன தெரியாது என்ற கர்வம். கர்வம் என்று இப்போது எழுதுகிறேன், அப்போது அதற்குப் பொறுப்பு என்று பேர் வைத்திருந்தேன்.

இரண்டு விரலால் மெதுவாக, ஒரு முறை, நீவிவிட்டேன்.

ஸ்பிரே ஈரம் காயவில்லை. சாம்பல் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஊதிப் பார்த்தேன். அது இன்னும் சீராகப் பரவியது. உற்றுப் பார்த்தால் அந்த இழை திருநீறு இட்டுக்கொண்டது போல லட்சணமாகவே இருந்தது. நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி, இதுவும் ஒரு சுபம்தான் என்று என்னையே தேற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி பாவு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மச்சான் வந்து அதை எடுத்துக் குழாயில் மாட்டிவிட்டான்.

பத்து மணிக்கு மில்காரரும் மகளும் வந்தார்கள். அந்தப் பெண் தலையில் பூ வைத்திருந்தாள், தோளில் லேப்டாப் பை. என் மனைவி வண்டிக்குச் சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அப்புறம் அவளும் பின்கதவைத் திறந்து ஏறினாள்.

"அக்கா, இது டெஸ்ட் டிரைவு. டூர் இல்ல. வெயிட் கூடும்" என்றான் மச்சான்.

"பொண்ண பாக்க நான் வராம, உன் லேப்டாப்பா வரும்?"

மில்காரர் முன்சீட்டில். பின்னால் ஒரு ஓரம் நான், மறு ஓரம் அந்தப் பெண், நடுவில் என் மனைவி, மடியில் பூத்தட்டு. மீட்டரைப் பார்ப்பதற்காக நான் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டேன். லேப்டாப்பை யார் பிடிப்பது என்று மச்சான் தயங்கினபோது, "நான் பாக்குறேங்க. அப்படியே ஓடவிட்டா நம்பர்லாம் இதுலயும் வரும்தானே?" என்று அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். என் மனைவி என் முழங்காலைத் தன் முழங்காலால் இடித்தாள். பெண் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

லேஅவுட் ஆர்ச்சுக்குக் கீழே வண்டி நின்றபோதே பெட்ரோல் வாசனை அடித்தது. மீட்டர் பதினாலு ஏழு காட்ட வேண்டிய நேரத்தில் பதிமூன்று காட்டியது. மச்சான் புருவத்தைச் சுளித்தான். சரி போகட்டும் என்று அழுத்தினான்.

"பன்னெண்டு. பன்னெண்டு அரை. பதிமூணு. பதிமூணு நாலு" என்றேன். உள்ளே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அவன் சட்டென்று காலை எடுத்தான்.

"நேத்து சரியா இருந்துதுன்னு போன்ல சொன்னியேபா" என்றார் மில்காரர்.

"இருந்துதுங்க. இன்னொரு வாட்டி பாப்போம்."

இன்னொரு வாட்டியும் அதேதான். மச்சானின் பின்கழுத்தில் வேர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது. மில்காரர் ஜன்னல் வழியாக மஞ்சள் கற்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லப் போகிறவர்களின் பார்வை அது. பன்னிரண்டு முறை பார்த்திருக்கிறேன். மனைவியின் கை பூத்தட்டில் இருந்த பூவைப் பிய்க்க ஆரம்பித்துவிட்டது.

 காலையில் தொட்டதற்கும் இதற்கும் ஏதோ இருக்கிறது என்று மனசு சொன்னது. அதைச் சொல்லிவிட்டால் மானம் போகும். சொல்லாவிட்டால் சம்பந்தம் போகும். மூன்றாம் முறை அவன் அழுத்தினபோது, இரண்டும் போகாமல் இருக்க எனக்கு ஒரு வழி தோன்றியது.

மீட்டரில் பதிமூன்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பன்னெண்டு. பதினொன்னு ஒம்பது. பதினொன்னு எட்டு" என்றேன்.

இதுதான் அந்தப் பொய்.

மச்சான் என்னை நம்பினான். அவன் காலை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினான்.

"அங்கிள், இங்க பதிமூணு ஆறு காட்டுதே" என்றது அந்தப் பெண்ணின் குரல்.

அவன் அந்தக் கணமே காலை எடுத்தான். வண்டி உருண்டு உருண்டு போய் நின்றது.  மில்காரர் முழுதாகத் திரும்பி என் நெற்றியைப் பார்த்தார். என்னுடைய மூன்று பட்டையும் எரிந்தது.

அந்தப் பெண் லேப்டாப்பைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள். "அப்பா, நிக்கும்போது காத்து ஜாஸ்தின்னு காட்டுச்சி, அழுத்துனா கம்மியா போவுதுன்னு காட்டுது. ஆனா நெஜமாவே காத்து கம்மியா இருந்தா வண்டி இப்படி இழுக்காது. போறது சரியா போவுது, சென்சாருதான் தப்பா சொல்லுது. அதான் பெட்ரோலு பத்தல." பிறகு பொதுவாகக் கேட்டாள். "யாராச்சும் அத தொட்டீங்களா?"

மச்சான் இல்லையென்று தலையாட்டினான். நான் வெளியே ஆட்டைத் தேடினேன். அன்றைக்குப் பார்த்து ஒரு ஆடுகூட இல்லை.

"இன்னாங்க" என்றாள் என் மனைவி. "வலது கைய காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்களேன்."

காட்டினேன். இரண்டு விரலும் சாம்பலாக இருந்தன. அவள் ஒரு பெருமூச்சு விட்டாள், இருபது வருடம் சேர்த்து வைத்திருந்த பெருமூச்சு மாதிரி. "எங்க ஊட்டு உத்தரத்துல பல்லி ஓடுனாலும் இவருதான் தொட்டுப் பாக்கணும்" என்று மில்காரரிடம் சொன்னாள்.

வாய் திறந்தேன். இறைவன்தான் திறந்துவிட்டான், எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. "நான்தான் தொட்டேன். இழை தொய்ஞ்சிருக்குதுன்னு நெனச்சி நீவி உட்டேன். இப்ப சொன்ன நம்பரும் பொய்தான். மச்சான்மேல ஒரு தப்பும் இல்ல. நேத்து சாயங்காலம் பதினொன்னு எட்டுல நின்னுச்சி, அது சத்தியம்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டேன்.

மச்சானும் இறங்கினான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவன் டிக்கியைத் திறந்து ஸ்பிரே டப்பாவை எடுத்தான். சென்சாரைக் கழற்றி, வெளிச்சத்தில் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, மூணு பட்டையும் போட்டுட்டியா, ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"நல்ல காலம்."

ஸ்பிரே அடித்து, முழுதாகக் காயும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். நான் எட்டு அடி தள்ளி, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்படி நிற்கும்படி என் மனைவி சொல்லியிருந்தாள்.

மாட்டி முடித்ததும், எண்ணைப் பெண்ணே படிக்கட்டும் என்றார் மில்காரர். நியாயம்தான். நான் பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்தேன். மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திரும்பாமலே, "மாமா படிக்கட்டுங்க. மாமா கொரல் இருந்தாதான் எனக்கு அழுத்த வருது" என்றான்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதனால் முதல் எண் சரியாகத் தெரியவில்லை.

"பன்னெண்டு" என்றேன்.

"ஆமா" என்றாள் அந்தப் பெண், லேப்டாப்பைப் பார்த்து.

"பதினொன்னு ஒம்பது."

"ஆமா."

"பதினொன்னு எட்டு. பதினொன்னு எட்டு. அங்கயே நிக்குது."

"ஆமா. அங்கயேதான் நிக்குது."

என் மனைவியும் சேர்ந்து "ஆமா" என்றாள். அவளுக்கு மீட்டரும் தெரியாது, லேப்டாப்பும் தெரியாது. தட்டல் இல்லை. கடைசிக் கல்வரை வண்டி நூலில் இழுத்தது போல நேராகப் போனது. நான் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் சிவசிவா சொன்னேன். அன்றைக்கு யாரும் தடுக்கவில்லை.

ஆர்ச்சுக்குக் கீழே நின்று இளநீர் குடித்தோம். மில்காரர் தன் மகளிடம், எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக் கேட்டார். "இன்னா பாப்பா? வண்டி ஓகேவா?"

"வண்டி ஓகேப்பா."

"மத்தது?"

அவள் கொஞ்ச நேரம் ஸ்ட்ராவைச் சுற்றினாள். "தப்பான நம்பர்னு தெரிஞ்ச உடனே கால எடுத்தாரு. அங்கிள ஒரு வார்த்த திட்டல. நான் சொன்னத, நீ யாரு சொல்றதுக்குன்னு கேக்கல. எனக்கு சரிதான்ப்பா."

மில்காரர் என் பக்கம் வந்தார். நான் கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எங்க மில்லுல இருவது பேரு வேல செய்றாங்க. எந்த மிஷின் நின்னாலும், நான்தான் தொட்டேன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல" என்றார்.

"பொய்யும் சொன்னனே."

"அதையும் நீங்கதான சொன்னீங்க. சாயங்காலம் ஜாதகத்த எடுத்துக்கினு வாங்க." போகும்போது திரும்பி நின்றார். "கைய கழுவிக்கினு வாங்க."

தை மாதம் கல்யாணம் நடந்தது. முகூர்த்தச் சேலைக்குப் பாவு பிணைத்தது நான். இப்போது அந்தப் பெண் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறாள். ஷெட்டில் மாலையில் லேப்டாப் வேலை எல்லாம் அவள்தான் பார்க்கிறாள். ஷெட் வாசலில் ஒரு குழாயும் சோப்பும் வைத்திருக்கிறார்கள், அது எனக்காக. மூன்றாம் வெள்ளிக்கிழமையோடு நின்றுபோன இரண்டாவது சுற்று விளக்கை என் மனைவி நன்றிக்காக முழுதும் போட்டு முடித்தாள்.

மில்காரர் சந்தோஷத்தில் இதை மில்லில் சொல்லியிருக்கிறார். மில்லில் இருந்தவர்கள் பஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள். வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் வந்து சேர்வதற்குள் கதை வேறு ஆகிவிட்டது. ஓடாத காரில் ஒரு சிவபக்தர் கோயில் திருநீற்றைப் போட்டாராம், உடனே அது பறந்ததாம், அந்த வேகத்தில் ஒரு கல்யாணமே முடிந்ததாம். இதைக் கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர். ஸ்கூட்டர், வேன், தண்ணீர் லாரி. உண்மையைச் சொன்னால், பெரிய மனுஷர், தன்னடக்கம் என்கிறார்கள். கோயில் குருக்கள் ஒருவரே தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, "நான் போட்டுப் பாத்தேன், ஆகலை. நீர் போடும்" என்றார். அவர் தட்டிலிருந்துதான் நான் திருநீறு வாங்குகிறேன். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. மச்சானிடம் அனுப்பினேன். பிளக்கில் அழுக்கு.

கூரத்துக்காரருக்கும் அதையே சொன்னேன். மிஷினைப் பின்பக்கமாகவே தெருமுனைவரை ஓட்டிக்கொண்டு போவதற்குள் அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. தெருவே வெளியே வந்து வழி சொன்னது.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்குக் கைகூப்பிச் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி சொல்லுங்கள். அது திருநீறு அல்ல, பாவுச் சாம்பல். அதனால் வண்டி பறக்கவில்லை, கெட்டுப்போனது. சரியாக்கினது ஒரு ஸ்பிரே டப்பாவும், அந்தப் பெண்ணின் கணக்கும், என் மச்சானின் பொறுமையும். ஈசன் அருள் அதில் எங்கே இருந்தது என்று கேட்டால், என் விரலில் இல்லை, கடைசியில் திறந்த வாயில் இருந்தது என்பது என் எண்ணம். நான் சொன்ன பொய்யை இரக்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். எனக்காக ஒரு நல்ல வார்த்தைகூடச் சேர்க்க வேண்டாம். மீட்டரில் இருந்தது பதிமூன்று புள்ளி ஆறு, அதையும் பதினாலு ஆக்கிவிடாதீர்கள்.